கிணற்றுக்கு வந்த நிறம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே விளையாட்டுதான். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறேன் என்று வந்த பெண், பத்து விரல் நுனியும் சிவக்கச் சிவக்க மருதாணி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல வரப்பில் நின்றால் வெங்கடப்பனுக்கு எரியாதா?

"என்னா படிப்பு படிக்கிற?"

"புவியியல்ங்க தாத்தா. எம்.எஸ்சி. மலை, பாறை, மண்ணு, நிலத்தடித் தண்ணி, எல்லாம் அதுல வரும். பேரு ஸோயா. ஊரு கிருஷ்ணகிரி."

"மண்ணப் படிக்கக் காலேஜ் எதுக்கு? நாலு நாள் மம்பட்டி புடிச்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்தே ஒரு வருஷம் ஆயிற்று.

பெண்டாட்டி ராஜாத்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஓசூருக்குக் கூட்டிப்போய், ரத்தத்தைச் சுத்தம் செய்து, துவண்ட கீரைக்கட்டு மாதிரி திரும்பக் கூட்டிவருகிறார். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஏதோ என்ன ஏதோ? மேட்டில் இருக்கிற முலாம் பூசும் கம்பெனிதான். அவன் கழிவுக் கால்வாய் இவர் நிலத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. கலெக்டர் ஆபீஸில் மூன்று மனு கொடுத்தாயிற்று. மூன்று தடவையும் ஒரே கேள்வி: ஆதாரம் இருக்கிறதா?

"கம்பெனிக்காரன் அனுப்புன ஆளா நீ?"

"ஐயோ, இல்லீங்க. எங்க சார்தான் அனுப்புனாரு. தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். கெடுதல் இல்லாத சாயத்த ஒரு எடத்துல ஊத்தி வுட்டா, பாறை வெடிப்பு வழியாப் போயி, வெளிய வர்ற எடத்துல நிறம் காட்டும். கம்பெனிக் கால்வாயில ஊத்திட்டுத்தான் நேரா இங்க வர்றேன்."

"பாறைக்குள்ள தண்ணி ஓடுதா? சரிதான். நிறம் வந்தா போன் பண்றேன், கெளம்பு."

அவள் கிளம்பவில்லை. கிணற்றுக்கு மேலே, நூறடி தள்ளி, வாய்க்குக் கோணி கட்டிய குழாய் ஒன்றைக் காட்டினாள். "அது என்னங்க?"

"காஞ்ச போர். எண்ணூறு அடி போட்டேன், ஒரு சொட்டு இல்ல. தக்காளிக்கு மருந்தடிச்ச மிச்சம், டப்பா கழுவுன தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் ஊத்துவேன். மத்தவனாட்டம் வெளிய ஊத்தி மாட்டச் சாவடிக்கிறவன் நான் இல்ல. அது பாதாளத்துக்குப் போயிரும்."

"எத்தன வருஷமாங்க?"

"ஏழெட்டு இருக்கும்."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "அதுலயும் கொஞ்சம் சோதிச்சுப் பாக்கட்டுங்களா?"

"என்னமோ பண்ணிக்க. செத்ததுக்கு ஊசி போட்டா எழுந்து ஒக்காரவா போவுது?" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

ஒன்பது நாள் கிணற்றை எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். ஒரு மாற்றமும் இல்லை.

"காலேஜு புள்ளையாம், சாயமாம்" என்று வீட்டில் வந்து கறுவினார்.

"அந்தப் புள்ள நல்லாத்தான் பேசுச்சு" என்றாள் படுத்துக் கிடந்த ராஜாத்தி. "உனக்குத்தான் ஊரே திருடன்."

பத்தாம் நாள் விடிந்ததும் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் விழுந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார். இளம் நாற்றைப் பிழிந்து ஊற்றியதுபோல, வெயில் பட்ட இடமெல்லாம் பச்சை மின்னியது.

"ராஜாத்தி! மாட்டுனான்டி கம்பெனிக்காரன்!"

ஆண்பிள்ளை அழக்கூடாது என்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்தார். நல்ல வேளை, திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். ஸோயாவுக்குப் போன் போட்டு, "வந்துருச்சு, ஓடியா" என்று மட்டும் சொல்லிக் கட் செய்தார்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாட்டிலை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப் போயிற்று.

"தாத்தா, பாட்டி இன்னமும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்களா?"

"பின்ன? கேன் தண்ணி வாங்கச் சொன்னாங்க. எவன் எங்க புடிச்சு ஊத்துறானோ, யாரு நம்புறது?"

"இன்னிக்கே நிறுத்திடுங்க. ஒரு வாய் கூடக் குடுக்காதீங்க. அப்புறம்... இந்தப் பாட்டில கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போவாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

வெங்கடப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்ளோ வாங்குன?"

"என்னாதுங்க?"

"கம்பெனிக்காரன்கிட்ட எவ்ளோ வாங்குன? அன்னிக்கே நெனச்சேன். பாறைக்குள்ள தண்ணி ஓடுதுன்னு கத வுடும்போதே நெனச்சேன்."

"சத்தியமா இல்லீங்க தாத்தா, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"அங்க கட்டிலு மேல ஒருத்தி கெடக்கறா. அவ கிட்டப் போயி சத்தியம் பண்ணு."

பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கித் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். அவள் வரப்பில் தடுக்கித் தடுக்கிப் பின்னாலேயே ஓடிவந்தாள். அவர் நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை. இவள் வாயிலிருந்து இனி எது வந்தாலும் பொய்தான் என்று முடிவு கட்டியாயிற்று.

"தாத்தா, கால்வாயில நான் ஊத்துனது செவப்புங்க! பச்சைய ஊத்துனது உங்க போர்ல!"