ஏழாம் அறையில் நின்ற கம்பு

கார்ல்ஸ்பாடு ஊருக்குக் கிழக்கே, பூமிக்கடியில் அரை மைல் ஆழத்தில், அணுக்கழிவு வைக்க உப்புப் பாறையில் அறைகள் வெட்டியிருக்கிறோம். உப்பு மெல்ல நகரும். கூரை தாழும், தரை எழும்பும். எவ்வளவு என்று வாரம்தோறும் எஃகு நாடாவால் அளப்பது என் வேலை. ஆறு அறைகள் சுருங்கின. ஏழாவதின் உயரம் மட்டும் என் அளவில் கூடிக்கொண்டே போனது.

"டெல்ஃபினா, முதல்ல கண்ணாடியை மாத்து," என்றார் பொறியாளர் ஹார்ட்வெல். "இன்னொரு தப்புன்னா இந்த வேலை உனக்கு இல்ல."

"கம்பு வச்சே பாத்துடுவோம் சார்."

பொட்டாஷ் உப்பு வெட்டும் சுரங்கத்தில் அப்பா செய்ததுதான்; கூரை தாழ்ந்தால் கம்பு முறியும். ஒவ்வொரு அறையிலும் தரைக்கும் கூரைக்கும் நடுவே அந்த உயரத்துக்கு வெட்டிய ஒரு மெல்லிய மரக்கம்பை இறுக்கிச் செருகினேன். அறைகளைப் பூட்டிச் சாவியை ஹார்ட்வெல்லே வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துத் திறந்தோம். ஆறு அறைகளில் கம்பு முறிந்து கிடந்தது. ஏழாவதில் முழுசாக நின்றது. அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே என் முஷ்டி தாராளமாக நுழைந்தது.

"எழுதுங்க சார், நாலு அங்குலம். இப்ப யாருக்குக் கண்ணாடி மாத்தணும்?"

எழுதிக் கையெழுத்தும் போட்டார். உடன் வந்தவர்கள் விசிலடித்தார்கள். வெற்றிக்கு அடையாளமாய் வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்று கம்பைப் பிடித்தேன்.

கட்டைவிரல் தடிமன்தான். மேலேயும் கீழேயும் பிடிமானம் இல்லை. இரண்டு கையாலும் தள்ளினேன்.

சாயவில்லை.