செலவில்லாமல் வீட்டைக் கெடுப்பது எப்படி

"வரலாம்... வரலாம்... இடது பக்கம் ஒடிச்சு வா... போதும்!"

லாரியைப் பின்னால் எடுக்கிறவனுக்கு வழி சொல்வதுபோல அப்பா பீரோவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர், பழக்கம் விடவில்லை. தள்ளியது அம்மாவும் நானும்.

பீரோ ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. கூடம் பாதி இருட்டானது.

வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார். வாங்குகிறவர்கள் இன்று பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மாவிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள். இந்த வாடகைக்கு வேறு இடத்தில் ஒரு கக்கூஸ்கூடக் கிடைக்காது என்பார் அப்பா.

போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. அம்மா பழக்கதோஷத்தில் வீட்டைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டாள். வந்தவர்கள் மயங்கிப்போனார்கள். அவர்களுக்கு வங்கியில் கடன் கொடுக்க மறுத்ததால் நாங்கள் பிழைத்தோம்.

இந்த முறை அம்மா உஷார். தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி விட்டுப்போன பத்திரிகையில் ஒரு கட்டுரை இருந்தது. புதிதாக எதுவும் வாங்காமல், இருக்கிற சாமான்களை இடம் மாற்றியே வீட்டை அழகாக்குவது பற்றி. நான் வரி வரியாகப் படித்தேன். அம்மா வரி வரியாகத் தலைகீழாகச் செய்தாள்.

ஜன்னல்களை மறைக்காதீர்கள் என்றது கட்டுரை. அதனால்தான் பீரோ.

கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும். அம்மா கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள்.

நடக்கும் வழியில் எதையும் வைக்காதீர்கள். கட்டில் படுக்கையறை வாசலுக்குக் குறுக்கே வந்தது. உள்ளே போக வேண்டுமானால் ஏறிக் குதிக்க வேண்டும்.

வெளிர்நிறத் திரைகள் மனதுக்கு இதம். லாரி சீட்டில் விரிக்கும் கறுப்புப் போர்வை கதவில் தொங்கியது.

கடைசி வரி: வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் ரசனை தெரிய வேண்டும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கூடத்தின் குறுக்கே கொடி கட்டி, அப்பாவின் ஈர ஜட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டாள்.

"ஏண்டி, எம் மானத்த ஏண்டி வாங்குற?"

"மானத்தப் பாத்தா வீடு போயிரும். பேசாம ஒரு ஓரமா உக்காருங்க."

தரகர் ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தார்.

கணவர் உள்ளே நுழைந்ததும் ஒரு ஜட்டி அவர் வழுக்கையில் சொட்டியது. கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு சிரித்தார். கட்டிலில் முட்டியை இடித்துக்கொண்டு, பரவாயில்லை என்றார். இருட்டுக்குள் நின்று, நல்லா குளுகுளுன்னு இருக்கே என்றார்.

அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

"எங்கம்மா வீடு பின் தெருவுலதான். பச்சை மாடி. அங்கேர்ந்து கூப்பிட்டா இங்க காதுல விழும்!" என்றார் கணவர்.

எங்களுக்கா அந்தப் பச்சை மாடி தெரியாது? அந்த வீட்டு அம்மாளுக்கு எங்கள் வீட்டில் பெயர் சிசிடிவி. துணி உலர்த்த மாடிக்கு வந்தால், நான் தலை வாருவதிலிருந்து அம்மா அப்பாவைத் திட்டுவது வரை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

இவ்வளவு தாய்ப்பாசத்துக்கு முன்னால் ஜட்டி என்ன செய்யும்?

அவர் தரகரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய் விலை பேச ஆரம்பித்தார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

அவருடைய மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை. கண்ணாடியின் முதுகைப் பார்த்தார். போர்வையைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பீரோவிடம் வந்தார்.

அப்பா கொஞ்சம் முன்கூட்டியே போதும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பீரோவின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு ஜன்னல் மிச்சமிருந்தது. அதைச் சாத்தவும் மறந்திருந்தோம்.

அந்த இடுக்கில் அவர் முகத்தை வைத்துப் பார்த்தார். வெளிக்காற்றில் அவருடைய நெற்றிமுடி பறந்தது.

மாட்டிக்கொண்டோம். அப்பா மெதுவாக எழுந்து தன் ஜட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்தம்மா நகரவில்லை. அங்கிருந்து பார்த்தால் பச்சை மாடி அப்படியே தெரியும். அந்த நேரத்துக்கு அங்கே யார் நிற்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அவர் நிமிர்ந்தார். பீரோவின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பக்கமாக ஒரே இழுப்பு. ஜன்னல் முழுவதும் மறைந்தது. பறந்துகொண்டிருந்த முடி நெற்றியில் படிந்தது.

பிறகுதான் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, இங்க வந்து நின்னு பாருங்க. பொட்டு காத்து இல்ல."