மோப்பக் கதவு

தாய்க்கோழிப் பண்ணையில் வேலைக்கு நுழைபவர்கள் குளித்து, பண்ணை உடுப்பு மாட்டி, மோப்பக் கதவின் முன் நிற்க வேண்டும். எத்தனை முறை குளித்தாலும் மூச்சில் மிச்சமிருக்கும் கிருமியை அது முகர்ந்துவிடும். திங்கட்கிழமை தர்ஷினி நின்றதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நாட்டுக்கோழிக் கிருமி," என்றது கதவு.

மேலாளர் ஓடிவந்தார். "வெளிய எங்கயாவது கோழியத் தொட்டியாம்மா?"

முந்தின நாள் கருப்பண்ணசாமி கோயிலில், பலிச் சேவலின் காலைப் பிடித்தவள் அவள்தான். மகனுக்காக வேண்டிக்கொண்ட சேவல். அடுத்தவர் பிடித்தால் வேண்டுதல் பலிக்காது என்று நினைத்தாள். வெளிக்கோழியைத் தொடக் கூடாது என்பது பண்ணை விதி; சொன்னால் வேலை போய்விடும்.

"நான் தொடலீங்க சார். பக்கத்து வீட்டு ரேவதியக்கா கோழி வளக்கறாங்க. அதுங்கதான் எங்க வாசல்ல வந்து மேயுதுங்க."

மேலாளர் அவளை வீட்டுக்கு அனுப்பினார். வேலை போகவில்லை. மத்தியானம் பண்ணைக் கம்பெனியின் வண்டி வந்து ரேவதியக்காவின் கோழிகளை, அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டையையும் சேர்த்து, அழிப்பதற்காகச் சாக்கில் கட்டி ஏற்றிப்போனது. தர்ஷினி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வெளியே குரல் கேட்டது. கதவைத் திறந்தால், ஈரத்தலையும் துவைத்த சேலையுமாக ரேவதியக்கா ரோட்டோரத்திலேயே நின்றிருந்தாள்.

"கிட்ட வராத கண்ணு, அங்கயே நில்லு. தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் வந்தேன், இருந்தாலும் உனக்கு எதுக்கு வம்பு? என் கோழியால உன் பொழப்பே போகப் பாத்துச்சே. மனசுல வெச்சுக்காத சாமி."

தர்ஷினி வாசற்படியில் நின்று வாயைத் திறந்தாள்.

"பரவால்லக்கா," என்றாள்.