ஞாயிற்றுக்கிழமை மூட்டுவலி

ஜெசிந்தா சாலையோரம் அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால், பத்தடி தள்ளி, நான்கு நாய்கள்.

சைக்கிளில் வந்துகொண்டிருந்த விஜயகுமாரி முதலில் நாய்களைத்தான் பார்த்தாள். பிறகுதான் ஜெசிந்தாவின் மஞ்சள் பனியன் கண்ணில் பட்டது.

இவள் எப்படித் தனியாக வந்தாள்?

"மூட்டு வீங்கிடுச்சுடி, நாளைக்கு ஓட முடியாது" என்று நேற்று சாயங்காலம்தான் விஜயகுமாரி அவளிடம் ஃபோனில் சொல்லியிருந்தாள். மூட்டுக்கு ஒன்றுமில்லை. புதுச்சேரி போய்த் திரும்பும் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் இன்றைக்கு. அதற்கான பயிற்சி என்று ஏற்கெனவே இரண்டு ஞாயிறு ஓட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டாள். மூன்றாவது முறையும் அதையே சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாதம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் போட்டி. அதற்கு ஜெசிந்தாவை இழுத்துவந்ததே விஜயகுமாரிதான். தெருநாய் என்றாலே நடுங்குகிறவள் ஜெசிந்தா. "நாய் இருக்கிற பக்கம் நான் ஓடுறேன், நீ இந்தப் பக்கம் வா" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். ஏழு மாதமாக அப்படித்தான் ஓடினார்கள்.

நிறுத்தினால் போதும். இறங்கி, சைக்கிளைக் குறுக்கே பிடித்தால் நாய்கள் விலகிவிடும்.

மாமல்லபுரத்தில் டயர் பஞ்சராகி அரை மணி நேரம் போயிருந்தது. கூட வந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. முகத்துத் துணியை மூக்குவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். தலை குனிந்து மிதித்தாள்.

ஜெசிந்தாவையும் நாய்களையும் தாண்டியதும் பின்னால் நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்தன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் இட்லி இறங்கவில்லை. ஃபோனை எடுத்தாள், வைத்தாள். என்னவென்று கேட்பது?

திரும்பும்போது சதுரங்கப்பட்டினத்தில், அதே இடத்தில், இறங்கித் தரையைப் பார்த்தாள். ரத்தம் எதுவும் இல்லை. நாய்கள் மீன்கூடை நிழலில் தூங்கிக்கொண்டிருந்தன.

மாலை திருவிடந்தையில் பயணத்தை முடித்துச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது ஜெசிந்தாவே கூப்பிட்டாள்.

"விஜி, இன்னைக்கு நான் தனியா ஓடினேன்டி. பதினாறு கிலோமீட்டர்!"

"நாய்ங்க..?"

"அதை ஏன் கேக்குற! நாலு நாய், வழிய மறிச்சிக்கினு. அவ்ளோதான்னு நின்னுட்டேன். அப்போ ஒரு சைக்கிள்காரம்மா வந்தாங்க. என்னைப் பாத்தாங்க. பாத்துட்டு, சர்ருனு வேகமா மிதிச்சாங்க பாரு, நாலும் அவங்களைத் துரத்திக்கினு ஓடிடுச்சு. எனக்காகவே பண்ணாங்கடி. யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கணும்."

விஜயகுமாரி கழுத்தில் கிடந்த முகத்துத் துணியை அவிழ்த்தாள்.

"ஹலோ? இருக்கியா? உன் மூட்டு எப்படி கீது? ஐஸ் வெச்சியா?"

"வெச்சேன்" என்றாள்.