முதல் கியர்

மாலை வெயில் திரையில் பட்டுக் கூசுகிறது. மாமனாரின் பழைய கியர் காரை நாளை ஓட்டிக் காட்டுவதாகச் சவடால் விட்டிருக்கும் மாப்பிள்ளை, தோல் கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கும் பெடல்களும் பொருத்திய கார்ப்பந்தய வீடியோ கேம் முன் உட்கார்ந்திருக்கிறார். கிளட்சை மிதிக்கிறார். சக்கரம் வைத்த நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு பின்னால் உருளுகிறது. கால் நழுவ, திரையில் கார் குலுங்கி அணைந்துவிடுகிறது. மற்ற கார்களெல்லாம் மூன்றாவது சுற்றில் பறக்கின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி மிதிக்கிறார், மறுபடி உருளுகிறார். விரல்கள் ஸ்டியரிங்கில் படபடவென்று தாளம் போடுகின்றன. பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்த மனைவி, சாவியைக்கூடக் கீழே வைக்காமல், நாற்காலிக்கு இடுப்பால் முட்டுக்கொடுக்கிறாள். “இப்ப மிதிங்க.” “எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ.” “போறேன். நாளைக்கு அப்பா காருக்கும் பின்னாடி வந்து நிக்கணுமான்னு மட்டும் சொல்லிடுங்க.” அவள் இன்னும் நிற்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கிளட்சை மிதிக்கிறார்.