பஞ்சிக்கு ஒரு பனியன்

மடியிலிருந்த குட்டிப் பனியனைப் பூபாலன் மறுபடியும் உதறி மடித்தான். வெளிர் ரோஸ் நிறம், கழுத்தில் மெத்தென்று ஒரு பட்டி. உடம்பில் உறுத்தக் கூடாதென்று தையலை வெளிப்பக்கம் வைத்து அவனே தைத்தது.

"கொழந்தைக்குங்களா கண்ணு?" என்று கேட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குன்னத்தூர்க்கார அம்மாள்.

"நாய்க்குங்க."

"நாய்க்கா?"

"உள்ள ஆபரேசன் நடக்குதுங்க. இனிக் குட்டி போடாம இருக்கறதுக்கு. முழிச்சதும் தையலை நக்கிருமாம். அதுக்குத்தான் வயித்த மூடி இதைப் போட்டுவிடணும்."

அந்த அம்மாள் பனியனை வாங்கித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் காலடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தது. "எனக்கு இதே ஆபரேசன் பண்ணுனப்ப எங்கூட்டுக்காரரு ஒரு துண்டுகூட எடுத்துட்டு வர்லீங்க" என்றார்.

பூபாலனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. நேற்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை, இன்று காலை சாப்பாடும் இறங்கவில்லை. கண்ணை மூடினால் பஞ்சியின் முகம்தான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பனியன் கம்பெனி கேட்டுக்கு வெளியே வேஸ்ட் துணி மூட்டைமேல் சுருண்டு கிடந்தவள் பஞ்சி. வளர்ந்த நாய். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் பூபாலன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து, வாசலில் நின்ற அவன் மனைவி விஜயகுமாரியைப் பார்த்ததும் அங்கேயே படுத்துக்கொண்டாள்.

போன மாதம் வீட்டு ஓனர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நாய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், குட்டி போட்டால் ஊட்டைக் காலி பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு தடவை குட்டி போட்டுப் பார்க்கட்டுமே என்று விஜயகுமாரி கெஞ்சினாள். கேட்காமல் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியது பூபாலன்தான்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கூடப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கம்பெனிக்குக் கிளம்பினாள். அங்கே அவளுக்குச் செக்கிங் வேலை.

பஞ்சிக்கு ரோட்டுச் சத்தம் என்றால் உதறல். அதனால் ஒரு துணிப் பட்டையைக் காதுகளை மூடித் தலையோடு சுற்றிக் கட்டித்தான் ஆட்டோவில் ஏற்றினான். அவளுடைய இடது காதில் நுனி கிடையாது, வந்த நாளிலிருந்தே அப்படித்தான். எந்த நாயோ கடித்திருக்கும் என்பாள் விஜயகுமாரி. "அந்த நாய நம்ம கம்பெனி கட்டிங்ல சேத்துக்கலாம், எத்தன நேராக் கடிச்சிருக்குது பாரு" என்பான் இவன். இன்று அந்தக் கேலி வாயில் வரவில்லை. கட்டை அவிழ்க்கப் போனால் உறுமினாள் என்று அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பயம் நேற்றே பிடித்துக்கொண்டது. பூபாலன் கட்டிங் மாஸ்டர். எது முன்பக்கம் என்று டெய்லருக்குச் சொல்ல, துணி ஓரத்தில் கத்திரியால் சின்னதாய் ஒரு வெட்டு வைத்து அனுப்புவான். புதிதாய் வந்த டெய்லர் தனபால் அதைப் பார்க்காமல், ஒரு கட்டு முழுக்கப் பனியன் கையை முன்பின்னாக மாற்றித் தைத்துவிட்டான். அத்தனையையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

"வெட்டு வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? வேற எதுக்குய்யா அது?" என்று அந்தப் படபடப்பில் எல்லோர் முன்னாலும் கத்தினான். தனபால் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றியது.

செல்போன் அடித்தது.

"என்னாச்சுங்க?" விஜயகுமாரி.

"இன்னும் உள்ளதான் இருக்கறா."

"பீஸைக் கையில எடுத்தா ஒண்ணும் தெரிய மாட்டீங்குது. ஓட்டை விழுந்ததை எல்லாம் நல்லதுல போட்டுட்டு நிக்கறேன்."

"செத்த நேரம் உக்காரு புள்ள."

"உள்ள போறப்ப என்னையத் தேடுனாளா?"

தேடத்தான் தேடினாள். கதவு மூடுகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டு போனாள். "இல்ல, நல்லாத்தான் போனா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்கதவு திறந்தது.

ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லியிருந்த டாக்டர் கீதாஞ்சலி, கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார். அதற்குள்ளாகவா என்று எழுந்தான் பூபாலன். பனியன் நழுவி ஆட்டுக்குட்டியின்மேல் விழுந்தது.

"போயிட்டாளுங்களா?"

"நல்லாத் தூங்கறா. உள்ள வாங்க."

மேஜைமேல் பஞ்சி நாக்கு வெளியே தள்ளக் கிடந்தாள். விலா எலும்பு ஏறி இறங்கியது. தலைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். வயிற்றில் முடியைச் சிரைத்திருந்த இடத்தில் புதிதாய்க் கத்தி பட்ட அடையாளமே இல்லை.

"ஆபரேசன் பண்ணலீங்களா?"

"பண்ண வேண்டியதில்லீங்க. முடியை எடுத்தா அடியில பழைய தழும்பு. இவ தெருவுல சுத்திட்டு இருந்தப்பவே யாரோ புடிச்சுட்டுப் போயி ஆபரேசன் பண்ணி விட்டிருக்காங்க. மறுபடியும் யாரும் புடிக்கக் கூடாதுன்னு அடையாளமும் வெச்சுத்தான் விட்டிருக்காங்க."

பூபாலன் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தான். கையிலிருந்த செல்போனில் விஜயகுமாரி இன்னும், "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டிங் மாஸ்டருங்க."

டாக்டர் பஞ்சியின் இடது காதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"வெட்டு வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா மாஸ்டர்?"