கழுதை வேண்டாம்

“கழுதை வேணுமா?” என்று சம்பந்தி கேட்டது ஹெரார்டோவுக்குச் சுருக்கென்று தைத்தது.

கிலோட்டோவா எரிமலைப் பள்ளத்தின் அடியில், பச்சை ஏரிக்கரையில் நின்றிருந்தார்கள். “எட்வினோட அப்பா சிவப்புப் போன்ச்சோ போர்வை போட்டு ஏரிகிட்ட நிப்பாரு. நீங்க முன்னால போய்ப் பேசிக்கிட்டிருங்கப்பா, நாங்க வந்துடறோம்” என்று எட்வினைக் கட்டிக்கொள்ளப்போகும் மகள் மைராதான் மேலிருந்து அனுப்பினாள். மலைக்காரர், டவுன் ஆள் என்றால் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம் என்றும் சொல்லியிருந்தாள்.

அது சரியாகத்தான் இருந்தது. மனிதர் கையோடு ஒரு கோவேறு கழுதையையே பிடித்துக்கொண்டு நின்றார். அம்பாட்டோ டவுன் செருப்புக் கடைக்காரனால் ஏற முடியாது என்று முடிவே கட்டிவிட்டார் போல.

“வேண்டாம் சம்பந்தி. நடந்தே ஏறுவேன்.”

“சம்பந்தியா?” அவர் ஹெரார்டோவை ஏற இறங்கப் பார்த்தார்.

“பின்னே? உங்க பையன்னா என் பொண்ணுக்கு உசிரு.”

“எந்தப் பையன்?”

ஹெரார்டோ விழுந்து விழுந்து சிரித்தார். மனிதருக்குக் குசும்பும் உண்டு.

மழை மேகம் கவிந்தது. பிள்ளைகள் வரும் வழியாகக் காணோம். இருவரும் ஏறத் தொடங்கினார்கள், பின்னால் கழுதை.

முதல் வளைவிலேயே ஹெரார்டோவுக்கு மூச்சு இரைத்தது. மணல் காலை வாரியது. சம்பந்தியோ வீட்டு வாசலில் உலாவுகிறவர் போல வந்தார்.

“இப்ப வேணுமா?”

“வேண்டாம்.”

களைப்பை மறைக்க ஹெரார்டோ கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். மண்டபச் செலவு தன்னுடையது என்றார். அடுத்த வளைவில் முழுப் பன்றி இரண்டு சுடுவதாகச் சொன்னார். அதற்கடுத்த வளைவில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் தன் கடைச் செருப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பாறையைக் கட்டிக்கொண்டார்.

“அத்தனை பேருக்குமா?” சம்பந்தி ஹெரார்டோவின் தோளை அணைத்துக்கொண்டார். “உங்க மனசு யாருக்கு வரும்?”

அந்தச் சொல்லே ஹெரார்டோவைத் தூக்கிவிட்டது. கடைசி மேட்டைத் தவழ்ந்து ஏறி, உச்சியில் மல்லாந்து விழுந்தார். ஏறிவிட்டார். இனி எவனும் டவுன் ஆளை இளக்காரமாகப் பார்க்க முடியாது.

மைரா ஓடி வந்தாள். “ஏம்ப்பா இவ்ளோ நேரம்? மாமாவுக்கு முட்டி வலியாம், கீழ இறங்கவே இல்ல. அதோ, டீக்கடையில உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு.”

ஹெரார்டோ படுத்தபடியே தலையைத் திருப்பினார். டீக்கடை பெஞ்சில் எட்வினும், பக்கத்தில் சிவப்புப் போன்ச்சோ போட்ட ஒரு பெரியவரும் கையசைத்தார்கள். சுற்றிலும் பார்த்தார். கழுதை வாடகைக்கு விடுகிற ஒவ்வொருவர் தோளிலும் சிவப்புப் போன்ச்சோ.

“இவர் யாருப்பா?” என்றாள் மைரா.

கழுதைக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவளைக் கனிவாகப் பார்த்தார்.

“மூத்தவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா. சின்னவனுக்கே பேசி முடிச்சிடலாம்.”